பூட்டு போடாதீங்க, நோட்டீஸ் போடுங்க

வாடகை பாக்கி என்று சொல்லி, குடியிருப்பவர் வீட்டுக்கு வீட்டுக்காரர் ஒருவர் பூட்டு போட்டு கரண்டையும் நிறுத்திய அந்தக் குன்னூர் வீடியோ பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கீழே விழுந்த கைதட்டல்களைப் பார்த்தபின் முடியவில்லை. குடியிருப்பவர் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டு, பியூஸ் கட்டை பாக்கெட்டில். கோட்டையைப் பிடித்துவிட்டாராம்.

நானும் வீடு வாடகைக்கு விடுகிறவன்தான். வாடகை வராத வயிற்றெரிச்சலுக்கு யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன்: பூட்டு போடாதீங்க, நோட்டீஸ் போடுங்க.

தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கு இருந்த 1960 சட்டம் போய், 2017 சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுசாகத் தராவிட்டால், வீட்டைக் கேட்டு வாடகை நீதிமன்றம் போகலாம். அதே சட்டம்தான் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது என்கிறது. ஜனவரி உறைபனியில் கரண்ட் இல்லாமல் நிற்கிற குடும்பம் இந்தச் சட்டப்படி இருக்கிற வாடகை அதிகாரியிடம் முதலில் மனு கொடுத்தால், அங்கே கையைக் கட்டிப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பாக்கி வைத்தவன் பாதிக்கப்பட்டவன் ஆகிவிடுவான்.

நோட்டீஸில் 'பல மாத பாக்கி' என்று எழுதாதீர்கள். கதவு எண், எந்தெந்த மாதம், மாதத்துக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, ஒரு மாதக் கெடு எல்லாம் வேண்டும். ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் கவரைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். குடியிருப்பவர் நடுவில் ஐயாயிரம் நீட்டினால் வாங்கலாம், ஆனால் ரசீதில் 'மார்ச் பாக்கியில் ஒரு பகுதி' என்று எழுதுங்கள். வெறும் 'வாடகை' என்று எழுதினால் அது நடப்பு மாத வாடகை என்று அவர் வக்கீல் நிற்பார். ரசீதே கொடுக்காத ஆட்களுக்கு என்ன சொல்வது? பாக்கி எத்தனை மாதம் என்பது கடவுளுக்கும் காலண்டரில் போட்ட பென்சில் கோட்டுக்கும்தான் தெரியும்.

'கேஸ் இழுக்குமே' என்பீர்கள். இழுக்கலாம். பூட்டு மட்டும் இழுக்காதா? அது இரண்டு கேஸாக இழுக்கும். 'அவன் வேண்டுமென்றே ஏமாற்றுகிறான்' என்றால் நோட்டீஸை இன்னும் சீக்கிரம் போடுங்கள். மூன்றாவது மாதமே போட வேண்டியதை ஒன்பதாவது மாதம் வரை 'பாவம், தருவார்' என்று இருந்துவிட்டுத் திடீரென்று வீரம் எதற்கு?

எதற்கென்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஏப்ரல் வருகிறது. சுற்றுலா சீசனில் அதே இரண்டு அறையை நாள் வாடகைக்கு விட்டால் வருகிற காசு கண்ணை உறுத்துகிறது. பாக்கி ஒரு சாக்கு. இதைச் சொன்னால் நான் ஊர்த் துரோகி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டுகிறவர்கள் சேர்த்தே திட்டுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் இணையத்திலேயே பதியலாம். பதினோரு மாதப் பத்திரம் என்றாலும் பதிய வேண்டும். ஏன் பதிவதில்லை? குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம், நாம் வாங்குவது பத்து மாதம். பேப்பரில் வந்தால் மாட்டிக்கொள்வோம். அந்தப் பயத்தில் பேப்பரே இல்லாமல் விட்டுவிட்டு, பிறகு சட்டம் நம் பக்கம் இல்லை என்று மூக்கால் அழுகிறோம்.

'தூக்கி வெளியே எறிங்க அண்ணே' என்று கமெண்ட் போட்ட தம்பிகளே, நாளைக்குப் பூட்டு போட்ட அண்ணன் வக்கீல் பீஸுக்கு நிற்கும்போது ஆளுக்கு எவ்வளவு போடுவீர்கள்? அதையும் கமெண்டிலேயே எழுதிவிடுங்கள்.