பேனல் விரிந்தால் பொத்தானும் விரிய வேண்டுமா?

மண்டபம், பாம்பன், இராமேசுவரம் வட்டாரத்து மீன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். அதில் ஓயாமல் எழும் ஒரு விவாதத்தில் என் நிலைப்பாட்டை இங்கே எழுதி வைக்கிறேன். திரையில் உள்ள ஒரு பேனலைப் பெரிதாக்கினால், அதற்குள் இருக்கும் பெட்டிகளும் பொத்தான்களும் எழுத்தும் அதே விகிதத்தில் பெரிதாக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டபடியே செய்து கொடுத்துவிடுபவர்களும் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. கூடுதலாகக் கிடைக்கும் இடம், எதற்கு இடம் போதாமல் இருந்ததோ அதற்குத்தான் போக வேண்டும்.

கொள்முதல் பில் போடும் திரையை எடுத்துக்கொள்வோம். படகு எண், மீன் வகை, எடை, கிலோ விலை, தொகை ஆகியவற்றுக்குப் பெட்டிகள் இருக்கும். கீழே நகரை, காரல், கணவாய், நண்டு, சங்காயம் என்று அன்றைய வரவு வரிசையாக விழும் அட்டவணை இருக்கும். எடைப் பெட்டியில் நாலைந்து இலக்கத்துக்கு மேல் வரப்போவதில்லை. அதைத் திரையின் பாதி அகலத்துக்கு இழுத்துவிட்டால், பெயர் ஒரு கோடியிலும் எண் மறு கோடியிலுமாக நின்று, அவசரத்தில் பார்ப்பவர் விலையை எடையாகப் படித்துவிட இடம் உண்டாகும். அட்டவணைக்கோ எவ்வளவு உயரம் கொடுத்தாலும் தகும், ஏனென்றால் உயரம் கூடக்கூட உருட்டாமலே பார்க்கக்கூடிய வரிகள் கூடுகின்றன.

பழைய 1024×768 திரைக்காக வரைந்த பேனலை 1920×1080 திரை முழுக்க இழுத்தால் அகலம் 1.875 மடங்காகும், உயரமோ ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும். சதுரப் பொத்தான் 4:3 செவ்வகமாகிவிடும். பொத்தானாவது போகட்டும், கடல் வரைபடத்தை இப்படி இழுத்தால் கிழக்கு மேற்குத் தூரமும் வடக்கு தெற்குத் தூரமும் ஒரே அளவுகோலில் இராது. எல்லைக்கோட்டை ஒட்டித் தொழில் செய்பவர்கள் கையில் அப்படி ஒரு படத்தைக் கொடுக்கலாமா?

இந்தப் பழக்கம் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய மைக்ரோசாஃப்ட் நிரல்மொழிக் காலத்து மிச்சம் என்றே நினைக்கிறேன். அதில் சாளரத்தின் அளவு மாறும்போது ஒவ்வொரு பொத்தானின் இடத்தையும் நாமே கணக்கிட்டு எழுத வேண்டியிருந்ததால், எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கிவிடுவது எளிய வழியாக இருந்தது. 2002இல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரலாக்கத் தளத்துடன் வந்த, திரைகளை வடிவமைக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸில், எந்த ஓரத்தோடு எது ஒட்டி நிற்க வேண்டும் என்று சொல்லிவிட ஆங்கர் என்ற வசதி இருக்கிறது. ஆனாலும் கை பழைய வழிக்கே போகிறது.

உலாவியில் இயங்கும் நிரல்களில் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் முறை இதைவிட நுட்பமானது. நம் படகுகளில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பங்கு வைப்பது போல, அது ஒவ்வோர் உறுப்புக்கும் அடிப்படை அகலத்தைக் கொடுத்துவிட்டு மீதியை மட்டுமே பிரிக்கிறது. 100, 300 பிக்சல் அடிப்படை கொண்ட இரண்டு பெட்டிகளுக்கும் வளர்ச்சி எண் (மீதியில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் எண்) 1 என்று வைத்து, பேனலை 700 பிக்சலாக்கினால், மீதி 300 பாதிப்பாதியாகி அவை 250, 450 ஆகின்றன. 1:3 என்ற விகிதம் 5:9 ஆகிவிடுகிறது. அதே பெட்டிகளை 320 பிக்சலுக்குள் நெருக்கினால், குறைப்பில் அடிப்படை அகலமும் சேர்ந்து கணக்கிடப்படுவதால், உள்ளே இருக்கும் எழுத்து இடம் கொடுக்கும் வரையில் அவை 80, 240 ஆகிப் பழைய விகிதத்திலேயே நிற்கின்றன. விரிவதற்கு ஒரு நியாயமும் சுருங்குவதற்கு வேறொரு நியாயமும் இருப்பதை அறியாமல், நிரலில் கோளாறு என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய பொத்தானை அழுத்துவது எளிதுதானே என்று கேட்கலாம். பால் ஃபிட்ஸ் 1954இல் வெளியிட்ட விதியின்படி, ஓர் இலக்கை எட்டும் சிரமம் தூரத்துக்கும் இலக்கின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. எல்லாமே இரு மடங்கானால் தூரமும் இரு மடங்காகிறது. ஆகவே அந்தக் கணக்கில் லாபம் ஏதுமில்லை, இடம் செலவானதுதான் மிச்சம். எல்லாவற்றையும் பாதியாக்கினாலும் சூத்திரம் மாறாது, ஆனால் கரையில் ஐஸ் தண்ணீர் சொட்டும் கையோடு கைப்பேசியைத் தொடுபவரின் விரல் பாதியாவதில்லை. ஆப்பிள் 44 புள்ளிகள், ஆண்ட்ராய்டு 48 டிபி (இரண்டும் பிக்சல் நெருக்கத்தைச் சாராத திரை அளவுகள்) என்று தொடும் இடத்துக்குக் குறைந்தபட்ச அளவைப் பரிந்துரைப்பது இதனால்தான். பேனல் எவ்வளவு சுருங்கினாலும் அந்த அளவுக்குக் கீழே பொத்தானை நான் இறக்குவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு நெடுவரிசையை மறைத்துவிடுவேன்.

உயரத்தைக் குறைப்பதில் தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வருவதால், ஆங்கில எழுத்துக்குப் போதுமான வரி உயரம் நமக்குப் போதுவதில்லை, புள்ளி வெட்டுப்பட்டுவிடும்.

கண்பார்வை மங்கியவர்களுக்கு எல்லாமே பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற வாதத்தை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குத் தனியாக உருப்பெருக்க அமைப்பு இருக்க வேண்டும். விண்டோஸிலேயே 125, 150 விழுக்காடு என்று அது இருக்கிறது. அதைப் பேனலின் மூலையோடு சேர்த்துக் கட்டிவிட்டால், பெரிய திரை வாங்கிய கம்பெனிக்காரர் அதில் பெரிய எழுத்தைத்தான் பார்ப்பாரே தவிர, பட்டியலில் கூடுதலாக ஒரு வரியைக்கூடப் பார்க்க மாட்டார்.