குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள்

ஒரு நாய்க்குட்டி ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதைக் குட்டியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதன் அம்மாவைப் பார்க்க வேண்டும், கூடப் பிறந்த குட்டிகளைப் பார்க்க வேண்டும், அது வளர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் காட்ட மறுக்கிறவரிடம் எவ்வளவு அழகான குட்டி இருந்தாலும் வாங்காதீர்கள். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

முழுப்பரீட்சை லீவு வந்துவிட்டால் பாண்டியிலும் கடலூரிலும் பிள்ளைகள் குட்டி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்பா போனில் தேடுவார், வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். விலை படிந்ததும், "வீட்டுக்கெல்லாம் வர வேணாம் சார், முள்ளோடை செக்போஸ்ட் கிட்ட நில்லுங்க, நானே பைக்ல எடுத்தாந்து குடுத்துடறேன்" என்பார் விற்கிறவர். அட்டைப்பெட்டியைத் திறந்து, பிள்ளை குட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்ட பிறகு எந்த அப்பாவுக்கும் வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. அதனால் முதல் தடவை பார்க்கப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். பெரியவர்கள் போய்ப் பார்த்து, மனசு தெளிந்த பிறகு கூட்டிப்போகலாம்.

எத்தனை நாள் குட்டி என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நாப்பத்தஞ்சு நாள்." பல குட்டிகளுக்கு அதுகூட ஆகியிருக்காது. வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் எல்லாமே முளைத்திருக்கும். கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறாக இருந்தால் அது இன்னும் தாய்ப்பால் குடிக்க வேண்டிய குட்டி. நாப்பத்தஞ்சே ஆகியிருந்தாலும் அது சட்டப்படி தப்பு. மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள், ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

"சின்னதுலயே தூக்கிட்டு வந்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தன் கூடப் பிறந்தவற்றோடு உருண்டு புரண்டு விளையாடும்போதுதான். கொஞ்சம் ஓங்கிக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விலகிப் போய்விடும், அம்மாவும் உறுமி அடக்கும். அந்தப் பாடம் கிடைக்காமல் முப்பது நாளில் பிரிந்து வந்த குட்டிதான் பின்னால் பிள்ளைகளின் கையைக் கடித்துவைக்கிறது. எட்டு வாரத்துக்கு மேல் வந்தாலும் சோறு வைத்து, கூட விளையாடி, பேசிப் பழகினால் நன்றாகவே ஒட்டும்.

நோய் விஷயத்துக்கு வருகிறேன். குட்டிகளை அதிகம் கொல்வதில் முன்னால் நிற்பது பார்வோ என்கிற வைரஸ் நோய். பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் அம்மாவின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குக் கிடைக்கிறது. நாள் போகப் போக அது படிப்படியாகக் குறையும். இதில் ஒரு சிக்கல். மிச்சமிருக்கும் அந்தச் சக்தி நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் நாம் போடும் தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கப் போதும். எந்தக் குட்டிக்கு அது எந்த வாரத்தில் தீரும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு சார், இனிமே பயமில்ல" என்று விற்கிறவர் சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஒரு ஊசியும் போட்டதுதானா என்று அட்டையைக் கேட்டுப் பாருங்கள். மருந்துக் குப்பியின் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும், தேதியும் டாக்டர் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

பார்வோ கிருமி உள்ளே போய் அறிகுறி தெரியப் பெரும்பாலும் சில நாட்களிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். அதுவரை குட்டி துள்ளி விளையாடும். நெல்லிக்குப்பத்தில் என் அக்கா வீட்டுக்கு ஒரு லேப்ரடார் குட்டி வந்தது. வந்த அன்று வீடு முழுக்க ஓடியது. அந்த வாரமே சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்காமல் படுத்துவிட்டது. மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாலை நிறுத்தினார்கள். விற்றவரைக் கேட்டதற்கு, "இடம் மாறினா அப்படித்தான் இருக்கும்" என்றார். ரத்தமாகப் போகத் தொடங்கிய பிறகு டாக்டரிடம் ஓடி, டிரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. அக்கா மகள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. புதுக் குட்டிக்கு வாந்தியோ பேதியோ வந்தால் பாலின் மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பார்வோ கிருமி மாதக்கணக்கில் வீட்டிலேயே உயிரோடு கிடக்கும், சாதாரண பினாயிலுக்கெல்லாம் சாகாது. அந்த வீட்டுக்கு உடனே இன்னொரு சின்னக் குட்டியைக் கொண்டுவருவது பாவம்.

அதனால்தான் அம்மாவையும் மற்றக் குட்டிகளையும் பார்க்கச் சொல்கிறேன். ஒரு குட்டிக்குப் பேதி இருந்தாலும், மூக்கிலும் கண்ணிலும் சளி வடிந்தாலும், அதோடு கூடப் பிறந்த எதையும் எடுக்காதீர்கள். அம்மா எலும்பும் தோலுமாக, உடம்பெல்லாம் உண்ணியோடு கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் குட்டியைக் கையில் எடுங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு வெளிறியிருந்து வயிறு மட்டும் பானையாக இருந்தால் புழு. உருண்டைப்புழு கருவிலேயே குட்டிக்கு வந்துவிடும், கொக்கிப்புழு தாய்ப்பாலோடு போகும். அதனால் இரண்டு வாரத்திலிருந்தே புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். காதை மோந்து பாருங்கள், முடி கொட்டிய திட்டு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், தொப்புளில் வீக்கம் இருக்கிறதா என்றும். பின்னால் நின்று கை தட்டுங்கள். வெள்ளைக் குட்டி என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், ராஜபாளையம் உட்பட வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு.

வாங்கிய அன்றே, வீட்டுக்குப் போகும் வழியிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பாண்டிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. காத்திருக்கும்போது குட்டியைத் தரையில் மட்டும் விடாதீர்கள், மடியிலேயே வைத்திருங்கள்.

ஹஸ்கி வேண்டும் என்கிறவர்களுக்கு: நம் கடற்கரைப் புழுக்கத்தில் அந்த நாய் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். நம் தெருவிலேயே நல்ல குட்டிகள் பிறக்கின்றன. அங்கேயும் எட்டு வாரக் கணக்குதான். பிடித்த குட்டி என்று கண் திறந்ததும் தூக்கிவராமல், அதுவரை அம்மாவுக்குச் சோறு வைத்துக் காத்திருங்கள். பிறகு பொட்டைக் குட்டியை எடுங்கள். எல்லோரும் ஆண் குட்டியைப் பொறுக்கிக்கொண்டு போய்விட, பொட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சாலையோரம் விடுகிறார்கள். என்னால் தாங்க முடியாத விஷயம் அது. குட்டி போட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம் என்றால், வயது வந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம்.

திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கம் யாராவது குட்டி பார்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூட வருகிறேன்.