அபராதம் கட்டியவனுக்குப் புத்தி வந்துவிட்டது, வேமோவுக்கு?

டெக்சாஸ் வந்த முதல் வருடம் நானும் இதில் மாட்டியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் பிள்ளைகளை ஏற்றி இறக்க மஞ்சள் ஸ்கூல் பஸ் நிற்கிறது, சிவப்பு விளக்கு மினுக்குகிறது, பக்கவாட்டில் ஸ்டாப் பலகை நீண்டிருக்கிறது, அது அந்தப் பக்கம்தானே, நமக்கென்ன என்று போய்விட்டேன். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இரண்டு பக்க வண்டிகளும் நிற்க வேண்டும். முதல் தடவைக்கே 500 முதல் 1,250 டாலர் வரை அபராதம். கட்டினேன். இப்போதெல்லாம் மஞ்சளாக எது தெரிந்தாலும் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது.

அதனால்தான் ஓட்டுநர் இல்லாமல் டாக்ஸி ஓட்டும் வேமோ கம்பெனி விஷயத்தில் எனக்கு இவ்வளவு எரிச்சல். டெக்சாஸின் ஆஸ்டினில் 2025 ஆகஸ்டில் பள்ளி திறந்ததிலிருந்து டிசம்பர் ஆரம்பத்துக்குள் அந்த ஆளில்லாக் கார்கள் சுமார் 20 தடவை நின்றிருந்த ஸ்கூல் பஸ்ஸைத் தாண்டிப் போயிருக்கின்றன, எல்லாம் பஸ் கேமராவில் இருக்கிறது. ஒரு தடவை, ரோட்டைக் கடந்த பிள்ளை இன்னும் ரோட்டிலேயே இருக்கும்போது. அட்லாண்டாவில் செப்டம்பரில் ஒரு கார் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போனதற்கு, அந்தக் கோணத்தில் விளக்கும் பலகையும் தெரியவில்லை என்று கம்பெனி விளக்கம் சொன்னது. அவ்வளவு பெரிய மஞ்சள் பஸ் தெரிந்ததா இல்லையா?

மனிதர்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். இல்லைதான். அமெரிக்கா முழுக்க பஸ் ஓட்டுநர்களிடம் கேட்டு எடுத்த 2025 கணக்கில் வருடத்துக்கு சுமார் 3.9 கோடி அத்துமீறல். ஆனால் ஒரு தடவை அபராதச் சீட்டு வாங்கியவர்களில் 98 சதவீதம் பேர் மறுபடி மாட்டுவதில்லை என்கிறது அந்த ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஆஸ்டின் பள்ளி மாவட்டம். (அந்தக் கூட்டத்தில் அடியேனும் ஒருவன்.) எல்லாக் காருக்கும் ஒரே மூளை, ஒன்று கற்றால் எல்லாம் கற்கும் என்பதுதானே இவர்களின் பெருமை? சரி, அப்படியென்றால் ஒரு பிழை இருந்தாலும் அது எல்லாக் காரிலும்தானே இருக்கும். நவம்பரில் சாப்ட்வேரைத் திருத்திவிட்டோம் என்றார்கள், அப்புறமும் குறைந்தது ஐந்து தடவை நடந்தது. டிசம்பரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பது. பெயர்தான் ரீகால், ஒரு கார்கூட ஒர்க்‌ஷாப் போகவில்லை, எல்லாம் சாப்ட்வேர் அப்டேட்தான்.

எனக்குப் பொறுக்காதது இதுதான். பிரச்சினை தீரும்வரை காலையில் பிள்ளைகளை ஏற்றும் நேரத்திலும் மாலையில் இறக்கும் நேரத்திலும் மட்டும் வண்டியை ஓட்டாதீர்கள் என்று பள்ளி மாவட்டம் கேட்டது. கம்பெனி மறுத்துவிட்டது. பணத்துக்காகவா, தோற்றுப்போனதாகத் தெரியும் என்ற பயமா, எனக்குப் புரியவில்லை. 2026 ஜனவரியில் அமெரிக்க அரசின் போக்குவரத்து விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பியும் விசாரணையில் இறங்கியிருக்கிறது, அது முடிய எத்தனை மாதம் ஆகுமோ. அதுவரைக்காவது அந்தச் சில மணி நேரம் காரை ஷெட்டில் போட்டு வையுங்கள் ஐயா.