முன்பள்ளி ஆசிரியப் பட்டம்: கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் படிப்பது

நோர்வேயில் முன்பள்ளி ஆசிரியர் படிப்பு, அதிலும் இயற்கையும் திறந்தவெளியும் சார்ந்த பிரிவு என்று ஒரு பிள்ளை சொன்னால், எங்கட வீடுகளில் முதலில் வருகிற கேள்வி: "பிள்ளை பாக்கிறதுக்கு மூண்டு வருசப் படிப்போ?"

ஓம், 3 வருசம்தான். 180 கல்விப் புள்ளிகள், அதற்குள் குறைந்தது 100 நாள் முன்பள்ளியில் செய்முறைப் பயிற்சி. பட்டத்தின் கனம் அந்த 100 நாளில்தான் என்பது என் கட்சி. விரிவுரையில் மதிப்பெண் வாங்குகிறவர்கள் பலர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறபோது தடுமாறுவதற்குக் காரணம், அங்கே செய்வதை விடச் செய்யாமல் இருப்பது கடினம்.

துரொண்ட்ஹைமில் உள்ள டுரொன்னிங் மௌட் கல்லூரிப் பேராசிரியர் எலன் சாண்ட்செட்டர், ஆபத்து கலந்த விளையாட்டை 2007இல் ஆறாக வகுத்தார்: உயரம், வேகம், கூரான கருவிகள், நீர் நெருப்பு போன்றவை, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் தனியே திரிவது. மாணவர்கள் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் பெரியவர் எங்கே நிற்கவேண்டும் என்பதுதான் உண்மையான பாடம்.

மரம் ஏறுவதைப் பாருங்கள். பிள்ளையைத் தூக்கிக் கிளையில் இருத்தக்கூடாது. தானாக ஏறிய பிள்ளைக்குக் கால் எங்கெங்கே வைத்தது என்று உடம்புக்குத் தெரியும். அதே வழியில் இறங்கப் பார்க்கும். தூக்கி வைத்த பிள்ளைக்கு அந்த வழியே கிடையாது, மேலே இருந்து அழும். கீழே நிற்பவர் "கவனம், கவனம்" என்று கத்தினால் பிள்ளை கிளையை விட்டு உங்களைப் பார்க்கும். "இடது காலுக்குக் கீழே கிளை இருக்கா?" என்று கேட்டால் காலைப் பார்க்கும்.

கத்தி வேலை இன்னும் கறார். இருந்தபடிதான் சீவவேண்டும், உடம்புக்கு வெளிப்பக்கமாக. முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக் கத்தியை முழங்காலுக்கு அப்பால் வைத்தால் தொடை தப்பும். கை நீட்டினால் அடுத்த பிள்ளை எட்டக்கூடாது. எழும்பு முன் கத்தி உறைக்குள். சீவிய தடியை யாருக்காவது காட்ட எழும்பி ஓடுகிற நேரத்தை விடாமல் பாருங்கள்.

வசந்தத்தில் காட்டுப் பூண்டிலை பறிக்கப் போவார்கள். அதன் இலையும் நஞ்சுள்ள பள்ளத்தாக்கு லில்லியின் இலையும் ஒரே சாடை. கசக்கி மணந்தால் தெரியும் என்பது பாதி உண்மை. முதல் இலையிலேயே விரலில் பூண்டு மணம் ஏறிவிடும், பிறகு எந்த இலையும் பூண்டாகத்தான் மணக்கும். ஒவ்வொரு இலையும் தனித்தனிக் காம்பில் வருகிறதா, இரண்டு மூன்று ஒரே தண்டிலிருந்து பிரிகிறதா என்று அடியில் பார்க்கவேண்டும். தனித்தனியென்றால் பூண்டு. பிள்ளைகளின் வாளியைச் சட்டியில் கொட்டுமுன் ஒரு பெரியவர் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்ப்பது கட்டாயம்.

நெருப்புக்குச் சட்டமே உண்டு: ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை அண்டியும் மூட்டப் பொதுத்தடை. மற்றக் காலத்தில் விழுந்த பேர்ச் மரத்தின் பட்டை ஈரத்திலும் பற்றும். உயிரோடு நிற்கிற மரத்தை உரிக்காதீர்கள்.

உடுப்பில் எங்கட ஆட்கள் விடுகிற பிழை ஒன்றே ஒன்று: உள்ளே பருத்தி. வியர்வையைக் குடித்துப் பிள்ளையை விறைக்க வைக்கும். உள்ளே கம்பளி, மேலே நீர் புகாத உடுப்பு.

இனி என் குறை. 2018இலிருந்து நடைமுறையில் உள்ள விதி, 3 வயதுக்குக் கீழ் 3 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் 6 பேருக்கு ஒருவர் என்கிறது. ஆனால் காலையிலும் மாலையிலும், சாப்பாட்டு இடைவேளையிலும், ஒருவர் சுகயீனமாகிவிட்டாலும் அந்தக் கணக்குக் காட்டில் நிற்காது. பன்னிரண்டு பிள்ளைகளோடு போகவேண்டிய இருவரில் ஒருவர் வராவிட்டால் பயிற்சி மாணவரை ஆளாக எண்ணிக் கிளம்புகிற வழக்கம் சரியில்லை. மாணவர் பார்க்க வந்தவர். தலை எண்ணிக்கொண்டிருந்தால் எதைப் பார்ப்பது?

பயிற்சிக்குப் போகுமுன் அங்குள்ள வழிகாட்டி ஆசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் காட்டுக்குப் போவீர்கள்? ஆள் குறைந்தால் என்ன செய்வீர்கள்? பயணம் முடிந்த அன்றே என்னோடு இருந்து பேச எத்தனை நிமிடம் ஒதுக்குவீர்கள்? மூன்றாவதுக்கு "பாப்பம்" என்று பதில் வந்தால் வேறு இடம் தருமாறு கல்லூரியிடம் அன்றைக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள்.