தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணம் பாதி தெரியும்

தமிழ்வழியில் படிக்கிற பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் வீட்டில் ஒரு இங்கிலீஷ் கிராமர் புத்தகம் வாங்கித் தருவார்கள். நாலைந்து பாடம் தாண்டினால் டென்ஸ் அட்டவணை வரும். பன்னிரண்டு கட்டம். பிள்ளை அதை மனப்பாடம் செய்யும், தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கும், கோடிட்ட இடங்களையும் சரியாக நிரப்பிவிடும். அடுத்த நிமிடமே சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். 'ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ் டெய்லி' என்று எழுதும்.

அங்கே 'வில்' ஏன் வந்தது? இதற்கு விடை அந்த அட்டவணையில் கிடையாது, தமிழில் இருக்கிறது. 'தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்' என்று நாம் பேசுகிறோம். எழுந்திருப்பேன் என்பது பள்ளி இலக்கணப்படி எதிர்காலம். ஆனால் 'தாத்தா வெற்றிலை போடுவார்', 'அந்தக் கடையில் இட்லி நன்றாக இருக்கும்' என்று வழக்கத்தைச் சொல்லவும் அதே வடிவம்தான் நமக்கு. பிள்ளை தன் தமிழைத் துல்லியமாக மொழிபெயர்த்திருக்கிறது. அதைச் சிவப்பு மையால் அடித்து 'சிம்பிள் பிரசன்ட் படி' என்று எழுதினால் அதற்கு ஒன்றும் விளங்காது. ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: எழுந்திருப்பேன் என்றால் நாளைக்கா, தினமுமா? நாளைக்கு என்றால் 'வில்'. தினமும் என்றால் வெறும் 'ஐ கெட் அப்'.

திரும்பத் திரும்ப வருகிற பிழைகளில் நிறைய இப்படித்தான், தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை. ஆகவே தமிழை ஒதுக்கி வைத்துவிட்டு 'இங்கிலீஷிலேயே யோசி' என்று சொல்வது, வழி தெரியாதவனிடமிருந்து கையில் இருக்கிற விளக்கையும் பிடுங்குவது. வாக்கியம் எழுதவே தடுமாறுகிற பிள்ளை எதைக் கொண்டு ஆங்கிலத்தில் யோசிக்கும்?

இன்னும் சில இடங்களைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

பிரசன்ட் பெர்ஃபெக்ட் தமிழில் இல்லவே இல்லை, அதனால்தான் வராது என்று பல ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் வாசல் ஈரமாக இருந்தால் 'மழை பெய்திருக்கிறது' என்கிறோம். பெய்தது வேறு, பெய்திருக்கிறது வேறு. இரண்டாவதில் மழை முடிந்துவிட்டது, அதன் ஈரம் இப்போது கண்முன் இருக்கிறது. 'ஹேஸ் ரெய்ன்ட்' என்பதும் அதுவேதான், 'இருக்கிறது' இருக்கிற இடத்தில் 'ஹேஸ்'. சிக்கல் எங்கே என்றால், தமிழில் 'நேற்று மாமா வந்திருக்கிறார்' என்று தாராளமாகச் சொல்லலாம். நாம் பார்க்கவில்லை, அடையாளத்தை வைத்துச் சொல்கிறோம் என்ற பொருள் அதில் வரும். ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேஸ்' கூடவே கூடாது, 'கேம்' மட்டும்தான். பிள்ளைகள் எழுதும் 'ஹேஸ் கம் எஸ்டர்டே' பிறப்பது இந்த ஒரு வித்தியாசத்தில். பன்னிரண்டு கட்டத்தையும் மறுபடி படிக்க வேண்டாம், இந்த ஒரு எல்லைக்கோட்டில் இருபது வாக்கியம் எழுதிப் பழகினால் போதும்.

இதன் பக்கத்து வீட்டுப் பிழை: 'இரண்டு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்.' தமிழில் நிகழ்காலம். அப்படியே ஆங்கிலத்துக்குப் போனால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்'. இதில் இரண்டு தவறு. எப்போதோ தொடங்கி இப்போதும் நடப்பதற்கு ஆங்கிலம் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' கேட்கிறது. அடுத்தது, 'சின்ஸ்' தொடங்கிய புள்ளிக்கு, 'ஃபார்' நீளத்துக்கு. தமிழில் '-இலிருந்து' வந்தால் சின்ஸ், '-ஆக' வந்தால் ஃபார். 2022இலிருந்து, இரண்டு வருஷமாக. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் மறப்பது கடினம்.

அடுத்தது 'அ', 'த' என்ற ஆர்ட்டிகிள். தமிழில் அப்படி ஒன்று இல்லை என்பது உண்மை, ஆனால் அது செய்கிற வேலையைச் செய்ய நமக்கு இரண்டாம் வேற்றுமை உருபு இருக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நீயும் நானும் ஏற்கெனவே பேசிக்கொண்ட புத்தகம். முதலாவது 'அ புக்', இரண்டாவது 'த புக்'. இவ்வளவு நுட்பத்தை ஐந்து வயதிலேயே பிழையில்லாமல் பேசுகிற பிள்ளையிடம், 'உனக்கு ஆர்ட்டிகிள் வராது' என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அஃறிணைச் செயப்படுபொருளில்தான் இந்தச் சோதனை வேலை செய்யும். ஆட்களைச் சொல்லும்போது 'ஐ' எப்போதும் வந்துவிடும். எழுவாயாக வரும்போது உருபே இராது. அங்கெல்லாம் 'எது என்று கேட்பவருக்குத் தெரியுமா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தெரியும் என்றால் 'த'.

'எங்கே போகிறாய் என்று கேட்டான்.' நம் 'என்று', பேசியவர் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. மேற்கோள்குறி போடாவிட்டால் ஆங்கிலம் கொடுக்காது. அதனால்தான் 'ஹி ஆஸ்க்ட் வேர் ஆர் யூ கோயிங்' என்று எழுதிவிடுகிறார்கள். 'என்று' வருகிற இடத்தில் உள்ளே கேள்வி இருந்தால், அதைச் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திருப்பி, ஆளையும் காலத்தையும் மாற்ற வேண்டும்: 'வேர் ஐ வாஸ் கோயிங்'.

'-இல்' என்ற ஒரே உருபு மேசையில், அறையில், பேருந்து நிலையத்தில் என்று மூன்றுக்கும் ஓடுகிறது. ஆங்கிலத்தில் ஆன், இன், அட் என்று மூன்று. படி, கேள் இரண்டும் இதே கதை. 'பத்தாவது படிக்கிறேன்' என்பது 'ரீடிங் டென்த்' ஆகிவிடுகிறது, ரீட் வேறு, ஸ்டடி வேறு. கேள் என்பதற்குள் ஆஸ்க், ஹியர், லிசன் மூன்றும் ஒளிந்திருக்கின்றன. இவற்றுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி இல்லை. வாக்கியமாகப் பார்த்துப் பழகுவது ஒன்றே வழி.

தமிழ் நேரடியாகக் கைகொடுக்கிற இடங்களும் உண்டு. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதுகிறவரிடம் அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'என் நண்பர்களில் ஒருவன் வந்தான்' என்பார். நண்பர்கள் பன்மை, வந்தான் ஒருமை. ஆங்கிலமும் அதையேதான் கேட்கிறது: ஃப்ரெண்ட்ஸ், ஆனால் வினை ஒருமை. 'அன்லெஸ்' என்பது 'படிக்காவிட்டால்' என்பதில் உள்ள '-ஆவிட்டால்'. எதிர்மறை அதற்குள்ளேயே இருப்பதால் பின்னால் இன்னொரு 'டோன்ட்' வேண்டாம்.

இனி வாசிப்பு. இங்கேதான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய அநியாயம் நடக்கிறது. ஆங்கிலம் வரவேண்டும் என்றால் இங்கிலீஷ் பேப்பரில் தலையங்கம் படி என்கிறார்கள். முதல் பத்தியில் பதினைந்து சொல் தெரியாது. அகராதியைப் பதினைந்து தடவை புரட்டி முடிப்பதற்குள் முதல் வரி என்ன சொன்னது என்பதே மறந்துவிடும். மூன்றாம் நாள் பேப்பரை மூடிவைத்துவிட்டு, எனக்கு மண்டையில் ஏறாது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். மண்டையில் கோளாறு இல்லை, கணக்கில்தான் கோளாறு. ஹூ, பால் நேஷன் என்ற இரண்டு மொழி ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, உதவியில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. 250 சொல் உள்ள பக்கத்தில் தெரியாதவை ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் என்று மடக்கிக்கொண்டே வாருங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், அதைவிட எளியது எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் நான்காம் வகுப்புக் கதையைப் படிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இது புதிய யோசனையும் இல்லை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1920களிலேயே வங்காளப் பிள்ளைகளுக்கு முதல் தேவை வாசிப்புதான் என்று வாதிட்டு, அடிக்கடி வரும் சொற்களை வைத்து வாசிப்பு நூல்கள் தயாரித்தார். 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள். இன்று கிடைக்கிற தரம் பிரித்த கதை வரிசைகள் அந்த வழியில் வந்தவை. ஒரு வரிசையில் முதல் நிலை 400 சொல், ஆறாம் நிலை 2,500 சொல். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற இணையதளம் இருக்கிறது, கட்டணம் இல்லை. கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். இந்த இரட்டைப் பதிப்பு எவ்வளவு பெரிய சொத்து என்பதற்குக் கீழே வருகிறேன்.

சொல் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியாமல் போவது இன்னொரு நோய். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'த பாய் ஹூ சேட் நெக்ஸ்ட் டு த மேன் வித் தி அம்ப்ரெல்லா ஹேஸ் லாஸ்ட் ஹிஸ் டிக்கெட்.' டிக்கெட்டைத் தொலைத்தது யார் என்று கேட்டால் குடைக்காரர் என்று பதில் வரும். தமிழில் இது 'குடை வைத்திருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டான்' என்று அமையும். நம் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து, பெயரும் வினையும் அடுத்தடுத்து நிற்க இடம் விடுகிறது. ஆங்கிலம் அந்த எச்சத்தைப் பெயருக்குப் பின்னால் தொங்கவிடுவதால் பையனுக்கும் 'ஹேஸ் லாஸ்ட்'டுக்கும் நடுவே குடைக்காரர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். நம் கண் பக்கத்தில் இருக்கிற ஆளைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்குப் பென்சில் போதும். முதலில் வாக்கியத்தின் முக்கிய வினைமுற்றைத் தேடி அடிக்கோடிடுங்கள், இங்கே 'ஹேஸ் லாஸ்ட்'. அடுத்து ஹூ, விச், தட் வருகிற இடத்தில் அடைப்புக்குறியைத் திறந்து, அந்த வினைமுற்றுக்கு முன்னால் மூடுங்கள். அடைப்புக்குறிக்கு வெளியே மிஞ்சுவதுதான் வாக்கியம்: பையன் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டான். பிறகு உள்ளே இருப்பதைப் படித்து 'எந்தப் பையன்?' என்ற கேள்விக்கு விடையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சிக்கு ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் போதும். 'இட்', 'தே', 'திஸ்' வந்தால் அது எதைக் குறிக்கிறதோ அந்தச் சொல்லுக்கு ஒரு அம்புக்குறி போட்டுப் பழகுவதும் இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது.

பத்தியைப் படித்து விடை எழுதுவதில் மதிப்பெண் போவது, கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி அந்த வரியை அப்படியே தூக்கி வைப்பதால். பத்தியில் 'ரவி மாட்டை விற்றான். மகளின் கல்லூரிக் கட்டணம் திங்கட்கிழமை கட்ட வேண்டியிருந்தது' என்று இரண்டு வாக்கியம். ஏன் விற்றான் என்பது கேள்வி. 'சோல்ட்' என்ற சொல் முதல் வாக்கியத்தில் இருப்பதால் அதையே எழுதுகிறார்கள். விடை அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. 'ஒய்' என்று கேட்டால் 'பிகாஸ்' போட்டு எழுதிப் பாருங்கள், தவறான வரியை எடுத்திருந்தால் அப்போதே இளித்துவிடும். இன்னொன்று, கேள்வியில் 'டிட் செல்' என்று இருக்கும், விடையில் அது 'சோல்ட்' ஆக வேண்டும். 'டிட் சோல்ட்' என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

சத்தமாக வாசிப்பதும் புரிந்து வாசிப்பதும் ஒன்றல்ல என்பதைப் பெற்றோருக்குச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை தடையில்லாமல் ஒரு பக்கம் வாசித்துக் காட்டினால் மகிழ்ந்துபோகிறோம். புத்தகத்தை மூடச் சொல்லி, என்ன நடந்தது என்று தமிழிலேயே கேளுங்கள். தமிழில் சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது.

இலக்கணமும் வாசிப்பும் ஒன்றாகச் சேர்கிற இடம் இரட்டை மொழிபெயர்ப்பு. இங்கிலாந்தில் இளவரசியாக இருந்த எலிசபெத்துக்கு லத்தீன் கற்பித்த ரோஜர் ஆஸ்கம் 16ஆம் நூற்றாண்டிலேயே பரிந்துரைத்த முறை இது. ஆங்கிலேயர்கள் அந்நிய மொழி கற்கப் பயன்பட்டது நமக்கும் பயன்படும். இன்று வாசித்த கதையிலிருந்து ஐந்து வாக்கியம் எடுத்துத் தமிழில் எழுதுங்கள். மூலத்தை மூடிவையுங்கள். மறுநாள், உங்கள் தமிழை மட்டும் பார்த்து அதை ஆங்கிலமாக்குங்கள். அதன் பிறகு மூலத்தைத் திறந்து சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். ஒரு நாள் இடைவெளி அவசியம், உடனே செய்தால் நினைவிலிருந்து ஒப்பிப்பதாகிவிடும். நம் தமிழ் சரிதானா என்ற சந்தேகம் வந்தால், ஸ்டோரிவீவரின் தமிழ்ப் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம், அது கையில் இருக்கிற விடைத்தாள்.

வித்தியாசம் வந்த இடம் எல்லாமே பிழையாக இருக்காது. 'பிக்' இருக்கிற இடத்தில் 'லார்ஜ்' எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். ஆர்ட்டிகிள், முன்னிடைச்சொல் (இன், ஆன், அட் போன்றவை), வினை வடிவம், சொல் வரிசை இந்த நான்கை மட்டும் வட்டமிட்டு, ஒரு நோட்டில் இடப்பக்கம் நீங்கள் எழுதியது, வலப்பக்கம் மூலம், கீழே ஏன் என்று ஒரு வரி தமிழில். அந்த 'ஏன்' எழுதுவதில்தான் இலக்கணம் உட்காரும். இரண்டு வாரத்தில் ஒரே பிழை ஏழெட்டுத் தடவை வந்திருப்பது தெரியும். அப்போது கிராமர் புத்தகத்தை எடுத்து அந்த ஒரு பாடத்தை மட்டும் படியுங்கள்.

நேரம் நாளுக்கு நாற்பது நிமிடம் போதும்: இருபது நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் நேற்றைய தமிழை ஆங்கிலமாக்குவது, மிச்சம் பத்து நிமிடம் ஒப்பிட்டு நோட்டில் எழுதவும் நாளைக்கான ஐந்து வாக்கியத்தைத் தமிழாக்கி வைக்கவும். வாசிக்கும் இருபது நிமிடத்தில் அகராதியைத் தொட வேண்டாம், தெரியாத சொல்லுக்குப் புள்ளி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். முடித்த பிறகு, இரண்டு தடவைக்கு மேல் வந்த சொல்லை மட்டும் தேடிப் பார்த்து, அது வந்த வாக்கியத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

போனில் பிழை திருத்தும் செயலிகளை ஆங்கிலமாக்கும்போதும் ஒப்பிடும்போதும் திறக்கவே கூடாது. அவை 'சின்ஸ்' என்பதை 'ஃபார்' என்று மாற்றிக் கொடுத்துவிடும், கை அதை ஏற்றுக்கொள்ளும், மறுநாள் மறுபடி 'சின்ஸ்' வரும். நோட்டில் 'ஏன்' எழுதி முடித்த பிறகு சரிபார்க்க வேண்டுமானால் திறந்துகொள்ளலாம்.