ஆணியை முழுசா இறக்காதீங்க

காட்டு நடைப்பாதையில வழி காட்டுற குறி வைக்கிறதைப் பத்தின கட்டுரையில, குறிப்பலகையை மரத்தோட ஒட்டி, அசையாதபடி அறையணும்னு இருக்கு. தப்பு. மரம் வருஷா வருஷம் பருக்கும். இடைவெளி இல்லேன்னா பலகை வளைஞ்சு ஆணித்தலையைப் பிச்சுக்கிட்டு வரும், இல்லே பட்டை பலகையையே விழுங்கிடும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டே ஆணி. அலுமினிய ஆணியா இருந்தா பின்னால ரம்பம் பட்டாலும் பல் அவ்வளவா கெடாது. 1 செ.மீ. வெளியே நிக்கட்டும், இடைவெளி குறைஞ்சதும் கொஞ்சம் இழுத்து விடுங்க.

மரத்துல அடிக்கிற பெயிண்ட் குறிக்கு, அமெரிக்காவோட நீண்ட மலை நடைப்பாதையான அப்பலாச்சியன் பாதையில இருக்கிற 2 அங்குல அகலம், 6 அங்குல உயரமே நல்ல அளவு. பட்டையோட சொரசொரப்பை மட்டும் சுரண்டுங்க, பச்சை தெரிஞ்சா மரத்துக்குக் காயம். கிளைப்பாதையில அம்புக்குறி மட்டும் போதாது, தாண்டினதும் 20 மீட்டருக்குள்ள இன்னொரு குறி வேணும். எதிர்த்திசையிலயும் ஒருதடவை நடந்து பாருங்க. இலை மறைக்கிறது அப்பதான் தெரியும்.