ஓசிக் கட்டிலும் இலங்கைக் கடவுச்சீட்டும்

வெளிநாட்டு ஹொஸ்டலில் (பயணிகள் தங்கும் மலிவு விடுதி) கிழமைக்கு 20, 25 மணித்தியாலம் வேலை செய்தால் தங்குமிடம் இலவசம். இப்படி ஒரு ரீல்ஸ் வந்தால் போதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகள் வேர்க்கவே (Workaway), வேர்ல்ட்பெக்கர்ஸ் (Worldpackers) தளங்களில் காசு கட்டிக் கணக்குத் திறக்கிறார்கள். முறை பொய்யில்லை, உலகம் முழுக்க நடக்கிறதுதான். ஆனால் அந்த வீடியோ போடுபவர் கையில் பெரும்பாலும் ஜேர்மன் கடவுச்சீட்டோ கனேடியக் கடவுச்சீட்டோ இருக்கும். அவருக்குச் சரிவருகிற புத்திமதி நமக்கும் அப்படியே சரிவராது.

முதலில் கணக்கைப் பாருங்கள். கட்டில் ஓசி இல்லை. அதன் விலையை வேலையாகக் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். ஹனோயில் டோர்ம் கட்டில் (பலர் சேர்ந்து படுக்கும் அறையில் ஒரு கட்டில்) இரவுக்கு 7 டொலர் என்று வையுங்கள். கிழமைக்கு 49 டொலர். அதற்கு 25 மணித்தியாலம் உழைத்தால் மணிக்கு 2 டொலர்கூடத் தேறாது. ஆம்ஸ்டர்டாமில் இரவுக்கு 40 யூரோ என்றால் கிழமைக்கு 280, மணிக்கு 11 யூரோ சொச்சம். ஆகவே மலிவான ஊரில் காசைக் கொடுத்துப் படுத்துவிட்டு ஊரைச் சுற்றுவதுதான் இலாபம். விலை கூடின ஊரில்தான் இந்தப் பேரம் படியும், ஆனால் அங்கேதான் நமக்கு விசா லேசில் கிடைப்பதில்லை.

கிடைத்தாலும் சட்டம் குறுக்கே நிற்கும். சம்பளம் வாங்காவிட்டால் அது வேலை இல்லை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பிழை. நியூசிலாந்தில் தங்குமிடமும் ஊதியமாகவே கணக்கில் எடுக்கப்படும், சுற்றுலா விசாவில் செய்ய முடியாது. பிரிட்டனில் விசிட் விசாக்காரர் பதிவுசெய்த அறக்கட்டளை ஒன்றுக்கு மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். தனியார் ஹொஸ்டல் அறக்கட்டளை இல்லை. தாய்லாந்தில் வேலை அனுமதி இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், பிறகு நாடு கடத்தல். பக்கத்து இந்தியா கொஞ்சம் தாராளம் போலத் தெரியும். ஈ-டூரிஸ்ட் விசாவில் ஒரு மாதம் வரை தன்னார்வ வேலை செய்யலாம் என்று எழுதியே இருக்கிறது. அடுத்த வரியைத்தான் ஒருவரும் வாசிப்பதில்லை: அதற்குப் பதிலாகப் பணமோ வேறு எந்தப் பிரதிபலனோ பெறக்கூடாது. கட்டிலும் பிரதிபலன்தான்.

அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இளைஞர்களுக்குத் தரும், சுற்றிக்கொண்டே வேலையும் செய்யக்கூடிய வேர்க்கிங் ஹொலிடே விசாப் பட்டியலில் இலங்கை இல்லை. ஐரோப்பிய நண்பர்கள் சட்டப்படி உள்ளே போகிற வாசல் அதுதான். நமக்கு அது பூட்டு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கோ முழுத் தங்கலுக்கும் இடம் காட்ட வேண்டும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும், கணக்கில் காசு வேண்டும். ஹொஸ்டல்காரர் எழுதித் தரும் 'இங்கே வேலைக்கு உதவி செய்வார்' என்ற கடிதத்தை அதோடு வைத்தால், சுற்றுலா விசாவுக்கு நீங்களே கொள்ளி வைத்த மாதிரி. கட்டுநாயக்கவில் அதை நீட்டினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு எங்கே என்ற கேள்வி வரும். கடிதத்தை ஒளித்து வைத்து 'சுற்றிப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லலாம்தானே என்று கேட்பவர்களுக்கு: சில நாடுகளில் எல்லையில் ஃபோனைத் திறந்து வட்ஸ்அப் பார்ப்பார்கள். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டால், பிறகு நிரப்புகிற விசாப் படிவங்களில் எல்லாம் அதைச் சொல்ல வேண்டிவரும். 49 டொலருக்காக அது தேவையா?

(எல்லயிலும் வெலிகமையிலும் ரிசப்ஷனில் நிற்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் நம் நாட்டு விசிட் விசா சம்பளத்தோடோ சம்பளம் இல்லாமலோ வேலை செய்ய இடம் தருவதில்லை. அதைப் பற்றி இன்னொரு பதிவில்தான் எழுத வேண்டும்.)

யாருக்குச் சரிவரும்? மாணவர் விசாவில் ஏற்கனவே வெளியில் இருப்பவர்களுக்கு. பிரிட்டனில் பட்டப்படிப்புக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம், அவுஸ்திரேலியாவில் இரண்டு கிழமைக்கு 48, ஜேர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள். ஹொஸ்டலில் கட்டிலுக்காகச் செய்வதும் இந்த எல்லைக்குள் சேரும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். கடையில் 15 மணித்தியாலம் வேலை செய்கிறவர் பிரிட்டனில் இன்னொரு 20ஐ ஹொஸ்டலில் சேர்த்தால் விசா நிபந்தனை மீறல்.

வேலை என்னவென்றும் தெரிந்துகொண்டு போங்கள். செக்-அவுட் காலை 10, 11க்கு. செக்-இன் பின்னேரம் 2, 3க்கு. இடையில் உள்ள மூன்று நாலு மணித்தியாலத்தில் அத்தனை கட்டிலும் மாற வேண்டும். மேல் கட்டில்தான் ஆளைக் கொல்லும். சுவர்ப்பக்க மூலையை முதலில் மாட்டிவிட்டு வெளிப்பக்கம் வாருங்கள். மாறிச் செய்தால் மெத்தையில் ஏறி முழங்காலில் நின்று இழுக்க வேண்டிவரும். பழைய விரிப்பை உள்நோக்கிச் சுருட்டி எடுங்கள், உதறாதீர்கள். மெத்தையின் தையல் ஓரத்தில் மையால் புள்ளி வைத்தது போலக் கறுப்பாகத் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் அடையாளம். விரிப்பை அந்த அறையிலேயே பையில் போட்டுக் கட்டி, பொறுப்பானவருக்குச் சொல்லி, 60 பாகையில் தோய்த்துச் சூடான ட்ரையரில் போட வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு லோன்றிக்கு நடந்தால் வழியெல்லாம் பரவும். பாத்ரூமில் பிளீச்சையும் அமில டொய்லெட் கிளீனரையும் ஒன்றாக ஊற்றக்கூடாது, குளோரின் வாயு வரும்.

ரிசப்ஷன் ஷிஃப்ட் சுகம் என்று நினைப்பார்கள். அங்கேதான் காசுப் பிரச்சினை. ஷிஃப்ட் மாறும்போது லாச்சிக் காசை இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்து வைக்காவிட்டால், குறைகிற காசு புதிதாக வந்தவர் தலையில்தான் விழும்.

'சாப்பாடு உண்டு' என்றால் பெரும்பாலும் பாணும் ஜாமும். சமையலறை பொதுவானது. செத்தல் மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அடித்து முழு ஹொஸ்டலும் தெருவில் நிற்கும், பருப்பைத் தாளிக்காமல் சாப்பிடப் பழகுங்கள்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விடுங்கள். கடைசி ஆறு மாதத்து மூன்று, நாலு நட்சத்திர விமர்சனங்களை வாசியுங்கள். உண்மை அங்கேதான் கிடக்கும். எத்தனை மணித்தியாலம், எந்த நாள் லீவு, கட்டில் ஊழியர் அறையிலா விருந்தினர் அறையிலா, சீசனில் அறை நிறைந்தால் எங்கே படுப்பது என்று தளத்துக்குள்ளேயே எழுத்தில் கேளுங்கள். வட்ஸ்அப்புக்குப் போனால் நாளை முறைப்பாடு செய்ய அந்தத் தளத்தில் ஆதாரம் இருக்காது. சம்பளத்துக்கு ஒருவரும் இல்லாமல் முழு ஹொஸ்டலும் தொண்டர்களால் ஓடினால் 25 மணித்தியாலம் 40 ஆகும், சந்தேகமே வேண்டாம். கடவுச்சீட்டை 'பத்திரமாக வைக்க' கேட்டால் அந்த நிமிடமே பையைத் தூக்குங்கள். திரும்புகிற டிக்கெட்டும், வேறு இடத்தில் மூன்று இரவு தங்கக் காசும் தனியாக இருக்கட்டும். பல பயணக் காப்புறுதிகள் உடல் உழைப்பில் வரும் காயத்துக்குக் காசு தராது, விலக்குப் பகுதியை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

தளத்துக்கு வெளியே, டெலிகிராமிலோ பேஸ்புக்கிலோ 'தாய்லாந்தில் தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் இலவசம்' என்று வந்தால் அது ஹொஸ்டலே இல்லை. நம் பிள்ளைகளை மியன்மாரின் மியாவடி இணைய மோசடி முகாம்களுக்குக் கொண்டுபோனது இப்படியான விசிட் விசாப் பயணங்கள்தான். ஹொஸ்டல்காரர் ஒருவரும் உங்களுக்கு விமான டிக்கெட் எடுத்துத் தரமாட்டார்.

அனுபவம்தான் வேண்டும் என்றால் இங்கேயே தொடங்கலாம், விசாவும் தேவையில்லை. அறுகம்பேயிலும் உப்புவெளியிலும் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை, தெற்குக் கரையில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்கில் தமிழும் ஆங்கிலமும் பேசுகிற ஆளுக்கு ரிசப்ஷனில் மதிப்பு அதிகம். கட்டிலோடு கொஞ்சம் சம்பளமும் கேளுங்கள், சொந்த நாட்டில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மார்ச்சிலேயே எழுதிப் போடுங்கள், மே வந்தால் இடம் நிறைந்துவிடும்.